ஈயத்தில் பிறந்த எழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயத்துக்குக் கணினி வந்து சேர்ந்தது. அதுவரை ஈய எழுத்துக்களைப் பொறுக்கிக் கோத்துவந்த அச்சுக்கோப்பாளர்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவர்களுள் மூத்தவர் ஒருவர் மட்டும் மாலை வேளைகளில் வந்து, நாங்கள் பக்கம் அமைப்பதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மேசையில் தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரம் ஒன்றின் படி கிடந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பு தடித்த, நெருக்கமான, மூலை மழுங்கிய சதுர எழுத்துக்களில் அமைந்திருந்தது. இயந்திரத்தின் இறுக்கமும் வருங்காலத்தின் சாயலும் ஒருங்கே கொண்ட 'யூரோஸ்டைல்' எழுத்துரு அது. பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது ஈயத்தில வார்த்த எழுத்தெல்லோ?"

"இல்லை ஐயா, இது கணினிக்கெண்டே செய்த எழுத்து" என்றேன், சற்று ஏளனமாகவே. அவர் மறுமொழி சொல்லவில்லை. சில மாதங்களின் பின் வருவதையும் நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னதே சரி என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். இத்தாலியின் டூரின் நகரில் இருந்த நெபியோலோ எழுத்து வார்ப்புச்சாலையில், அலெசாந்திரோ புத்தியும் அல்டோ நொவாரேசேயும் 1952இல் 'மைக்ரோகிராமா' என்ற எழுத்தை உருவாக்கினர். அதில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. நொவாரேசே 1962இல் சிறிய எழுத்துக்களையும் சேர்த்து அதனை யூரோஸ்டைலாக விரித்தார். அகன்றவை, ஒடுங்கியவை, தடித்தவை என்று அது ஒரு குடும்பமாயிற்று. அக்காலத் தொலைக்காட்சித் திரையின் உருவம் அந்த எழுத்தின் வளைவுகளில் தெரிகிறது. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் வெளியிட்ட '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தின் விண்கலத்திலும் இந்த எழுத்தைக் காணலாம். அதன் பின்னர் எதிர்காலம் என்றாலே இந்த எழுத்து என்றாகிவிட்டது.

பெரியவர் எப்படிக் கண்டுகொண்டார்? இப்போது யோசித்தால் விளங்குகிறது. ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சதுரக் கட்டையின் தலையில் நிற்பது. வட்டமான 'ஓ' அந்தக் கட்டையின் நான்கு மூலைகளையும் வெறுமையாக விட்டுவிடும். யூரோஸ்டைலின் 'ஓ' கட்டையை ஏறத்தாழ முழுவதுமாக நிரப்பும். பக்கங்கள் நேராக இருப்பதால் அடுத்த எழுத்தோடு செங்கல்போல் ஒட்டி நிற்கும். முப்பது ஆண்டுகள் கட்டைகளை அடுக்கிய விரல்களுக்கு அது தெரியாமலா போகும்?

இன்று எங்கள் தொழிலே கைப்பேசித் திரைக்குள் போய்விட்டது. இப்போது இளையவர்களின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஏதேனும் கேட்க வாயெடுக்கும் போதெல்லாம் அந்தப் பெரியவரின் மௌனம் நினைவுக்கு வருகிறது.