வெள்ளைத் துணிக்கு முன்னால்



நான் புகைப்படக் கலைஞன் அல்லன். மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். ஆயினும் எங்கள் மஹல்லாவில் என் கைபேசிக்கு முன்னால் வந்து அமர்ந்த முகங்களைக் கணக்கிட்டால், கடைத்தெரு ஸ்டூடியோக்காரருக்கு நான் அதிகம் பின்தங்கியிருக்க மாட்டேன். ஹஜ் விண்ணப்பங்கள் இணையவழியாக ஆனபின், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைப் பதிவேற்ற வேண்டியதாயிற்று. முதியவர்கள் யாரிடம் போவார்கள்? மதரஸாவின் வடபுறச் சுவரில் இரண்டு ஆணிகள் அடித்து, ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவுதான் என் ஸ்டூடியோ.

அந்த நாற்காலியில் அமர்ந்தவுடன் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். கறிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கடையில் நாளெல்லாம் உரக்கச் சிரித்துப் பேசுபவர், கைபேசியைக் கண்டதும் நீதிபதியின் முன் நிற்பவரைப் போல இறுகிவிட்டார். சவூதியில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் மாறாக, நான் சொல்லுமுன்பே தோளை நேராக்கி, தாடையை அளவோடு உயர்த்தினார். எத்தனை பாஸ்போர்ட், எத்தனை இகாமா! அவருடைய கழுத்துக்கு அந்தக் கோணம் பழகிப்போயிருந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முஅத்தின் ஒருவர், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக சூரத்துர் ரூமில் எண்ணுகிறான். அந்த வசனத்தைப் பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஒரே மஹல்லாவுக்குள், ஒரே வேட்டிக்கு முன்னால் அதைப் பார்த்தது பிற்பாடுதான்.

பெண்களின் படங்களை என் மனைவி வீட்டுக்குள் வைத்து எடுப்பார். ஒருமுறை எழுபது வயதைக் கடந்த ஒரு நன்னிமா வந்தார். வாழ்நாளில் தம்மைப் படம் பிடிக்க விட்டதே இல்லை என்று சொல்லக்கூடியவர். நாற்காலியில் அமருமுன் தண்ணீர் கேட்டார். குடிப்பதற்கென்று நினைத்து என் மனைவி செம்பைக் கொடுக்க, அவர் முற்றத்துக்குப் போய் ஒளுச் செய்துவிட்டு வந்து அமர்ந்தார். போகும்போது வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "ஹஜ்ரத், போட்டோ இருக்கிற வீட்டுக்கு மலக்குமாரு வரமாட்டாகன்னு பயான்ல நீங்கதானே சொன்னீங்க? இப்ப நீங்களே எடுக்கிறீகளே?"

நியாயமான கேள்வி. மார்க்க அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்துவரும் கேள்வியும் கூட. உருவம் படைப்போரைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த கடும் எச்சரிக்கை கேமராவுக்கும் பொருந்தும் என்று இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் உலமாக்கள் பலர் கூறினர். எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்-முதீஈ, ஒளிப்படம் என்பது புதிதாகப் படைப்பதன்று, அல்லாஹ் படைத்த நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டார். எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் முதற்சாராரைச் சேர்ந்தவர். தேவைக்கு மட்டும், தேவையின் அளவுக்கு மட்டும் என்பார். நானும் அந்த எல்லையிலேயே நிற்கிறேன். நன்னிமாவிடம் அதைச் சொன்னேன். "அப்போ தேவை முடிஞ்சதும் அழிச்சிடுவீகளா?" என்றார். விண்ணப்பம் ஏற்கப்பட்டவுடன் அழித்தேன். அதுவரை எடுத்த எதையும் நான் அழித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அரபியில் புகைப்படக்காரரை இன்று முஸவ்விர் என்கிறார்கள். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்றும் அல்-முஸவ்விர். இந்தச் சொல்லைப் பாடத்தில் விளக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

புனித மண்ணில் கேமரா நுழைந்த கதையும் நினைவுக்கு வருகிறது. எகிப்து இராணுவ அதிகாரி முஹம்மது சாதிக் 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்தார். சில ஆண்டுகளில் மக்காவாசியான மருத்துவர் அப்துல் கஃப்பார், அச்சே, மொராக்கோ, ஸன்ஸிபார் என்று பல தேசத்து ஹாஜிகளைத் தம் கேமராவுக்கு முன் அமர்த்தினார். அப்படங்களை டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரொன்யே 1889இல் தம் நூலில் வெளியிட்டார். எடுத்தவரின் பெயருக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை. சில படங்களில் அவர் இட்டிருந்த அரபுக் கையொப்பமும் அழிக்கப்பட்டது. அந்தப் பிரதிகளை நான் இணையத்தில் பார்த்திருக்கிறேன். இஹ்ராம் உடையிலும் ஊர் உடையிலும் அமர்ந்திருக்கும் அந்த மனிதர்களில் பலருக்குப் படத்தின் கீழ் ஊர்ப்பெயர்தான் உண்டு. தங்கள் முகம் லெய்டன் நகரத்துக்குப் போகும் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இதை நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

சில ரமலான்களுக்கு முன்பு, வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் சிலர் எங்கள் மக்தபின் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பையும் புத்தாடையும் அனுப்பினார்கள். கொடுத்ததற்குப் படம் வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குக் கேட்பது முறையானதே. பிள்ளைகளை ஒவ்வொருவராக வேட்டிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், தந்தையை இழந்தவன், பையை நெஞ்சோடு அணைத்தபடி தலைகுனிந்து நின்றான். "தலையைத் தூக்குடா, சிரி" என்றேன். சிரித்தான். நல்ல படம். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். அங்கிருந்து அது முகநூலுக்குப் போயிற்று. ஏழை எத்தீம்களுக்கு ஜகாத் உதவி என்று மேலே பெரிய எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

பெருநாள் கழிந்து அவன் மக்தபுக்கு வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திரைக்குப் பின்னாலிருந்து அவன் தாயார் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"ஸ்கூல்ல அவன் பேரச் சொல்லி யாரும் கூப்பிடுறதில்லையாம் ஹஜ்ரத். 'ஜகாத் பை'ன்னு கூப்பிடுறாங்களாம். அந்தப் பையத் திருப்பிக் குடுத்துரட்டுமா?"

சொல்லிக்காட்டுவதும் புண்படுத்துவதும் தர்மத்தை வீணாக்கிவிடும் என்கிற அல்பகராவின் 264ஆம் வசனத்தை அந்த ரமலானில்தான் நான் பயான் செய்திருந்தேன். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்ற ஹதீஸையும் சேர்த்தே சொன்னேன். அன்று மாலை அஸருக்குப் பிறகுதான் படமெடுத்தேன். "மன்னிச்சிடுங்கம்மா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

முகநூலில் போட்டவரிடம் பேசி நீக்கச் செய்தேன். அதற்குள் எத்தனை கைபேசிகளில் அது இறங்கியிருந்ததோ, அல்லாஹ்வே அறிவான். மறு ஆண்டு, பொருள்களை மட்டும் படமெடுத்து, ரசீதுகளையும் ஜமாஅத் முதவல்லியின் கையொப்பமிட்ட எண்ணிக்கையையும் அனுப்புவேன், முகங்களை அனுப்ப மாட்டேன் என்று எழுதினேன். சிலர் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் வருத்தத்தோடு விலகிக்கொண்டார். அந்த ஆண்டு நான்கு பிள்ளைகளுக்கு ஆடை குறைந்தது. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுத்தார். மீதி இரண்டு பேருக்கு உண்மையில் இல்லாமலே போயிற்று. இதை மறைப்பது சரியன்று.

அந்தப் பையன் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். இப்போது அம்ம ஜுஸ்வை முடித்து யாசீன் மனனம் செய்கிறான். நல்ல குரல். ஆனால் ஹஜ் காலத்தில் நான் வேட்டியைக் கட்டத் தொடங்கினால், ஆணி அடிக்க மற்ற பிள்ளைகள் ஓடிவருவார்கள், அவன் ஹவுளுப் பக்கம் போய்விடுவான். கூப்பிடுவதில்லை.

சென்ற மாதம் மதரஸா அடையாள அட்டைக்கு எல்லாப் பிள்ளைகளையும் படமெடுக்க வேண்டியிருந்தது. பட்டியலில் அவன் பெயர் வந்தபோது, நான் வாய் திறக்குமுன்பே எழுந்து வந்து ஒரு சிறிய காகித உறையை மேசைமேல் வைத்தான். கடைத்தெரு ஸ்டூடியோவில் எடுத்த எட்டுப் படங்கள். ஒன்றை அட்டையில் ஒட்டிவிட்டு, மீதி ஏழையும் உறையிலிட்டு அவனிடமே கொடுத்தேன். அவன் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டான்.