உம்மா முகத்துக் கருமை

எங்கள் உம்மாவின் முகத்திலே கருமை முதலில் படர்ந்தது நெற்றியோரத்தில். ஓராண்டுக்குள் காதோரம் கடந்து கழுத்துக்கும் இறங்கிவிட்டது. ‘மங்கு’ என்றனர் பார்த்தவர்கள். நாங்களும் நம்பி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவச் செய்தோம். பயனில்லை. அண்டை வீட்டார் ஒருவர் தொழுநோயோ என்று தாழ்ந்த குரலில் கேட்ட நாள்முதல் உம்மா திருமண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

தோல் மருத்துவர் பஞ்சால் திட்டுகளைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. தொழுநோய்த் திட்டு பெரும்பாலும் வெளிறியோ சிவந்தோ, உணர்ச்சி குன்றியோ இருக்கும்; இது அதுவன்று என்றார். அந்த ஒரு சொல்லுக்கே உம்மா அழுதுவிட்டார்கள். உட்கன்னத்தையும் நகங்களையும் பார்த்தபின், தலைக்கு என்ன பூசுகிறீர்கள் என்று வினவினார். “மருதாணிதான்” என்றார்கள் உம்மா. குறித்துக்கொண்டார். பிறகு, சதை எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார்.

அச்சொல் எங்களை நடுங்க வைத்தது. எடுத்ததோ, மரத்துப்போக ஊசியிட்டபின், மயிர்க்கரையோரம் 3 மில்லிமீட்டர் அகலத் துணுக்கு, ஒரே தையல்.

மேல்தோலின் அடியடுக்கு சிதைந்து, அங்கிருந்த நிறமணிகள் கீழ்த்தோலில் சிந்திக் கிடப்பதாக அறிக்கை வந்தது. அவ்வளவு ஆழத்தில் சிந்தியதை மேற்பூச்சு எங்ஙனம் எடுக்கும்? ஆயினும் கருமையின் இருப்பிடம்தான் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. ‘லைக்கன் பிளேனஸ்’ வகைக் கருமையும், ஒவ்வாப் பொருள் பட்டு வரும் கருமையும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுமாம். இத்தகைய முகக் கருமையை 1917-ஆம் ஆண்டு, உலகப் போரின் நடுவே, வியன்னாவில் ரீல் என்னும் மருத்துவர் விவரித்து எழுதினார் என்றும் சொன்னார். “அந்த மருதாணிப் பொட்டலத்தைக் கொண்டு வாருங்கள்.”

கொண்டுபோனோம். கறுப்பு மருதாணி. மருதாணி தன்னியல்பில் செம்மை தருவது; கருமைக்காக அதில் பாரா-பினைலீன்-டையமின் என்னும் சாயப்பொருள் கலந்திருந்தது. பொடி எழுத்தில் அச்சிட்டும் இருந்தது. படிக்காமல் மாதந்தோறும் வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம்!

முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, 96-ஆம் மணியில் மீண்டும் பார்த்தபோதும் அப்பொருள் பட்ட இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

சாயத்தை நிறுத்தி இரண்டாண்டுகள் ஆகின்றன. கழுத்து தெளிந்துவிட்டது, நெற்றியோரம் இன்னும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. தலை முழுதும் வெண்மை. அந்தப் பொட்டலத்தை எறிய உம்மா விடவில்லை. பெருநாளைக்குப் பேத்திகள் கறுப்பு மருதாணி கேட்டு வரும்போது, அலமாரியிலிருந்து அதை எடுத்து, அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்கிறார்கள்.