கரி உரமல்ல

கொய்யாக் குழியில் உயிர்க்கரி (மண்ணில் இடும் மரக்கரி) போட்டால் போதும் என்பது பாதி உண்மைதான். கரி உரமல்ல, நுண்துளைகள் நிறைந்த வெறும் பாத்திரம். காலியாகப் போட்டால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும், கன்று வெளிறும். சாணிக் கரைசலில் இரண்டு வாரம் ஊறி, தொழுவுரத்தோடு கலந்தால்தான் அதற்கு வேலை.

அமேசான் கறுப்பு மண் நூற்றாண்டுகள் கடந்தும் வளமாக இருக்கிறதே என்பார்கள். அதில் கரியோடு எலும்பும் மீன் முள்ளும் குப்பையும் சேர்ந்தன. அடியிலிருந்ததோ புளிப்பு மண். 2017-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில் கரியிட்ட வெப்பமண்டல நிலங்களின் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியதற்கும் கரி புளிப்பைத் தணித்ததே ஒரு காரணம். நம் சுண்ணாம்புக் கரிசலில் அந்த லாபத்தை எதிர்பார்க்க முடியாது; காரம் ஏறினால் இரும்புச்சத்து கிட்டாமல் இளந்தளிர் மஞ்சளாகும். ஈரம் நிற்காத செம்மண் மேடு வேறு கதை, அங்கே கரி உதவும். விலைபோகும் கரியைப் புதைப்பானேன் என்றால், சீமைக் கருவேலக் கரிமூட்டத்தின் அடியில் மிஞ்சும் தூளே போதும்.