இரண்டு அங்குலம்

எங்கள் சவ்வாது மலையில் ஒரு திருமணம் நிச்சயமாகிவிட்டால், முதலாவதாகப் பங்குக் கோவிலுக்கு ஆள் வரும். அடுத்தபடியாகத் தையற்கார அம்மாள் வீட்டுக்கு ஆள் போகும். ஓலை வாசிப்பதற்கு நான். ரவிக்கை தைப்பதற்கு அவர். இருவரில் யாரிடம் அதிகக் கவலையோடு வருகிறார்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், அந்த அம்மாளிடந்தான்.

அவர் கைம்பெண். அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக ஏழைப் பெண்களுக்கு வழங்கும் இலவசத் தையல் இயந்திரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைத் திண்ணையில் போட்டுக்கொண்டு, சாமை அறுவடை இல்லாத நாட்களில் தைத்துப் பிழைக்கிறார். அவருக்கும் எனக்கும் ஒரு தொழில் உறவு உண்டு. என் தந்தையும் தையற்காரர். போளூர்க் கடைத்தெருவில் ஒரு திண்ணையும் ஒரு மிதி இயந்திரமுமே அவருடைய ஆஸ்தி. பள்ளி விட்டு வந்து பொத்தான் கட்டிய பையன் நான். ஆகையால் அந்த அம்மாள் வேலை செய்யும்போது என் கண் தானாகவே அவர் கையின் பக்கம் போய்விடும்.

துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அளவுக்கென்று ஒரு பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து தருவார்கள். அளவுச் சட்டை என்று அதற்குப் பெயர். நேரே நின்று அளவு கொடுக்கப் பெண்பிள்ளைகளுக்குக் கூச்சம். மலைப் பாதையில் நாலு மைல் நடந்து வர நேரமும் இல்லை. அன்றாடம் உடுத்துவதற்கு அது போதும். என் தந்தை மட்டும் அதை விரும்பியதில்லை. "அளவுச் சட்டை என்பது போன வருடத்து உடம்பு" என்பார். அவர் அளக்கும் முறையை இன்றும் நான் மறக்கவில்லை. ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்வார். கைகளை இயல்பாகத் தொங்கவிடச் சொல்வார். மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. தோள், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை நீளம், கைச் சுற்று, கழுத்து இறக்கம், முதுகு உயரம் என்று வரிசையாகப் போகும். சுற்றளவு எடுக்கும்போது நாடா முதுகுப் புறத்தில் கீழே இறங்கிவிடாமல் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஆள் மகிழ்வார், சட்டை கிழியும். பெண்களுக்கு அளவெடுக்க என் தாயை அழைப்பார். அவர் சொல்லும் எண்களை இவர் எழுதிக்கொள்வார். நம் நாட்டில் மெட்ரிக் அளவுச் சட்டம் 1956 இல் வந்தது. இருந்தும் தையற்காரர் எவரும் அங்குலத்தை விடவில்லை. துணியை மீட்டரில் வாங்கி அங்குலத்தில் தைத்துக்கொள்ளும் விநோத மக்கள் நாம்!

இந்த மலையில் அளப்பதையே தொழிலாகக் கொண்ட வேறு சிலரும் இருக்கிறார்கள். காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களை அளந்து வருகிறது. அங்கே போய்வந்த ஒரு பள்ளிச் சிறுவன், "அவங்க நட்சத்திரத்துக்கு அளவுச் சட்டை வாங்குவாங்களா சாமி?" என்று என்னைக் கேட்டான். நிற்க.

2022 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பெண்ணின் பெயரையும் ஊரையும் நான் எழுதவில்லை. எழுதுவதற்கு மட்டும் அவளிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். மாப்பிள்ளை மலையின் மறுபுறம் புதூர்நாட்டுப் பக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் மலை வழக்கப்படி அவர்கள் பரியம் கொடுத்தார்கள். கூறைப் புடவையும் ஆரணியிலிருந்து வந்தது. அதனோடு வந்த பட்டுத் துண்டைத் தாயும் மகளும் தையற்கார அம்மாளிடம் எடுத்துப் போனார்கள். திருமண ரவிக்கை ஆகையால் அவர் அளவுச் சட்டையை ஏற்கவில்லை. பெண்ணை நிறுத்தி நேரே அளந்தார். மார்புச் சுற்று 32 அங்குலம் என்று நோட்டுப் புத்தகத்தில் ஏறிற்று.

இங்கே அவருடைய தொழில் நேர்மையைச் சொல்ல வேண்டும். பட்டில் இயந்திர ஊசி போன தடம் எளிதில் மறையாது. பிரித்துத் தைத்தால் துளைகள் வரிசையாகத் தெரியும். ஆகையால் பக்கத் தையலைக் கையால் நூலோட்டமாக மட்டும் போட்டு வைத்து, திருமணத்துக்கு மூன்று வாரம் முன்னதாகப் பெண்ணை மறுபடி வரச்சொல்லிப் போட்டுப் பார்ப்பார். உள்ளே விடும் பருத்தித் துணியையும் முதலில் நீரில் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுவார். இரு பக்கமும் ஓர் அங்குலம் துணியை உள்ளே மடித்து விடுவார். "நாளைக்குப் பிள்ளை பெத்தவ போட வேண்டாமா சாமி?" என்பது அவர் கணக்கு.

அக்டோபர் மாதம். மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. அந்த இரண்டாம் ஞாயிறு மாலை தையற்கார அம்மாள் தம் நோட்டுப் புத்தகத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சாமி, ரெண்டு அங்குலம் குறைஞ்சிருக்கு."

எனக்கு விளங்கவில்லை. ஆகஸ்டில் 32 ஆக இருந்தது இப்போது 30 ஆகிவிட்டது; கைச் சுற்றும் குறைந்திருக்கிறது; தாம் அளந்தது தவறோ என்று மூன்று முறை அளந்து பார்த்துவிட்டார். "பிடிச்சுத் தைக்கிறதுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆவாது. கல்யாணப் பொண்ணுக்கு உடம்பு ஏறும் சாமி, எறங்காது. அதான் வந்தேன்" என்றார்.

நான் அந்தக் கணமே முடிவு கட்டிவிட்டேன். பெண்ணுக்கு இந்தத் திருமணத்தில் மனம் இல்லை, சோறு இறங்கவில்லை, தந்தை பரியப் பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டதால் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறாள்! திருமணத்துக்கு முன் மணமக்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, முழுச் சம்மதத்தோடு வருகிறாயா என்று பங்குக் குரு விசாரிப்பது திருச்சபையின் ஒழுங்கு. நானும் விசாரித்திருந்தேன். அவள் தலை குனிந்தபடி "சம்மதம் சாமி" என்றிருந்தாள். அந்தக் குனிந்த தலை இப்போது என்னைக் குத்தியது. மறுநாளே அவள் தாயை அழைத்துக் கேட்டேன். தாய் முதலில் மழுப்பினாள். பிறகு, "ராத்திரியெல்லாம் தூக்கமில்லே சாமி. காலையிலே பார்த்தா தலகாணி நனைஞ்சிருக்கு" என்றாள்.

இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? நான் தந்தையை வரவழைத்தேன். சம்மதமில்லாத திருமணம் திருமணமே ஆகாது என்று குருமடத்தில் படித்ததையெல்லாம் அவர் மீது கொட்டினேன். பரியம் வாங்கி மகளை விற்கிறாயா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு எழுந்து போனார். இப்படியே நான்கு நாட்கள் கழிந்தன. அந்த நான்கு நாட்களை இன்றும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஐந்தாம் நாள் கன்னியர் மடத்தில், சகோதரி ஒருவர் உடனிருக்க, பெண்ணிடமே மறுபடி கேட்டேன். இம்முறை அவள் தலை நிமிர்ந்தாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு சாமி. எங்கப்பாவை ஏன் திட்டினீங்க?" என்றாள். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நெடுநேரம் இருமினாள். மருந்தகத்தில் பல்லாண்டு பணிபுரிந்த அந்தச் சகோதரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். இருமல் எத்தனை நாளாக? ஒரு மாதத்துக்கு மேல். மாலையில் உடம்பு காய்கிறதா? ஆமாம். இரவில் வியர்க்கிறதா? தலையணை நனையும் அளவுக்கு.

தலையணையை நனைத்தது கண்ணீர் என்று நான் நினைத்தேன். அது வியர்வை.

தாய்க்கு முன்பே ஐயம் இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு எட்டினால் திருமணம் நின்றுவிடும், பரியத்தைத் திருப்பக் கையில் பணமில்லை, மகளை இனி யாரும் கேட்க மாட்டார்கள். இந்த அச்சத்தில் கஷாயம் வைத்துக் கொடுத்து நாளைக் கடத்தியிருக்கிறாள். அவளை எப்படிக் குறை சொல்வேன்?

மறுநாள் ஜமுனாமரத்தூரில் உள்ள அரசு சுகாதார நிலையத்துக்கு அவர்களை அழைத்துப் போனோம். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாயிற்று. அங்கே நான் கண்ட ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன் அவளையும் அளந்தார்கள்! எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், விரலில் கருவி மாட்டி இரத்தத்தில் உயிர்வளியின் அளவைப் பார்த்தார்கள். காலில் வீக்கம் உண்டா, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று சோதித்தார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் முறை அது. மிகவும் மெலிந்து ஆபத்தான நிலையில் இருப்பவரை முதல் நாளே இனம் கண்டு மருத்துவமனையில் சேர்ப்பதற்காக இவ்வாறு செய்கிறார்கள். இவள் எடை 37 கிலோ. சேர்க்க வேண்டிய நிலை இல்லை. வீட்டிலிருந்தே மருந்து உண்ணலாம் என்றார்கள். ஆறு மாத மருந்தும் இலவசம். ஊட்டத்துக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் (அது 2024 நவம்பர் முதல் 1000 ஆகியிருக்கிறது). வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதித்தார்கள்.

"வீட்டில் வைத்துக்கொள்வதா? எங்காவது ஆசுபத்திரியில் விட்டுவிடக் கூடாதா?" என்று உறவினர் சிலர் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு விடை கண்டதே நம் சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது. சேத்துப்பட்டில் 1956 இல் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்து ஒப்பிட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகளும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. 1959 இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. நான் இதைப் பலிபூசைக்குப் பின் பொதுவாக, யார் பெயரும் சொல்லாமல், விளக்கினேன். எல்லோருக்கும் யாரென்று தெரிந்துதான் இருந்தது.

மூன்றாம் ஓலையை நான் வாசிக்கவில்லை. ஓலை நின்றுவிட்டால் மலையில் என்னென்ன பேசுவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பெண்ணின் தந்தை வீட்டுக்கு நானே நடந்து போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர், "காப்பி சாப்பிடுங்க சாமி" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தியை மறைக்காமல் சொல்லியனுப்பினோம். அவன் தாய் பரியத்தைத் திருப்பிக் கேட்டாள். பையன் ஓசூரிலிருந்து தனியாகப் புறப்பட்டு வந்தான். என்னிடம் வரவில்லை; நேரே சுகாதார நிலையத்துக்குப் போய், இது பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு வருமா, மருந்து முடிந்தால் முழுக்கக் குணமாகுமா என்று கேட்டிருக்கிறான். பரம்பரை நோய் அன்று. மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். இடையில் நிறுத்தாமல் உண்டால் குணமாகும் என்று அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். பிறகே என்னைப் பார்க்க வந்தான். "ஈஸ்டர் கழிஞ்சு வெச்சுக்கலாம் சாமி" என்றான். அவ்வளவே பேசினான். அவன் தாய் இசைவதற்கு மட்டும் பிப்ரவரி ஆயிற்று.

அந்த மாதங்களில் தையற்கார அம்மாள், கூலி பேசாமல், மாதம் ஒரு முறை பெண்ணை வரச்சொல்லி நாடா பிடித்தார். சுகாதார நிலையத்தில் எடை ஏறிக்கொண்டிருந்தது. இங்கே நாடா ஏறிக்கொண்டிருந்தது. முதல் மாதம் அசைவில்லை. பொங்கலுக்கு 31. தவக்காலத்தில் 32. ஏப்ரலில் மருந்து முடிந்து, மறு பரிசோதனையும் நல்லபடியாக வந்தபோது எடை 45 கிலோ. 2023 மே மாதத்தில் ஓலையை முதலிலிருந்து மறுபடி மூன்று ஞாயிறு வாசித்தேன்.

திருமணத்துக்கு முந்தின வாரம், மடத்துச் சகோதரியின் துணிகளை வாங்கிவர அந்தத் திண்ணைக்குப் போயிருந்தேன். பட்டு ரவிக்கை இயந்திரத்தின் மேல் கிடந்தது. அளவு இப்போது 33. அந்த அம்மாள் நூலோட்டத்தை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே மடித்திருந்த துணியில் பக்கத்துக்கு அரை அங்குலம் வெளியே விட்டு, முதன்முறையாக இயந்திரத் தையல் போட்டார். பட்டில் ஒரு தடம் இல்லை.

என் பழைய அங்கியும் இடுப்பில் பிடிக்கிறது. பெரிய குருமடத்தில் சேர்ந்த ஆண்டு என் தந்தை தைத்த முதல் அங்கியை எண்ணிக்கொண்டே, இதை அளவுக்கு வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று தைத்துத் தாருங்கள் என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அளவு அங்கியெல்லாம் வேணாம் சாமி. உபதேசியாரை விட்டு நேரா அளந்து எழுதி அனுப்புங்க. மூச்சைப் பிடிச்சுக்காதீங்க."

உபதேசியார் அளந்தார். 41 என்று எழுதச் சொன்னேன். அவர் 43 என்று எழுதினார்.