கடைசி ஒரு நிமிடம்

திங்கள்

காலைப் பொழுது மூச்சுவாயுவை அளக்கும் கருவியின் காலிப்ரேஷனிலேயே போனது. 3 லிட்டர் சிரிஞ்சை இழுத்துத் தள்ளி ஓட்ட அளவைச் சரிபார்த்தேன். சிலிண்டர் வாயுவை விட்டு சென்சார்களைத் திருத்தி, அறையின் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாம் பதிந்தேன். ஜூனியர்களுக்கு இந்த வேலை சலிக்கிறது. எனக்கோ உடற்பயிற்சி உடலியங்கியலில் பாதிப் பாடம் இதில்தான் இருக்கிறது. 30 டிகிரியில் நீராவி நிறைந்து வெளிவரும் 1 லிட்டர் மூச்சை 0 டிகிரி வறண்ட காற்றாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 860 மில்லிலிட்டர்தான் தேறும். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் எல்லோருடைய ஆக்சிஜன் எண்ணும் வீங்கிவிடும்.

செவ்வாய்

செமினாருக்காக ஏ.வி. ஹில் படித்தேன். 1920களின் தொடக்கத்தில், மான்செஸ்டரில், வெளிவிடும் மூச்சைச் சேகரிக்கும் டக்ளஸ் பையை முதுகில் கட்டிக்கொண்டு தானே ஓடியவர். ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடியும் உடல் எடுக்கும் ஆக்சிஜன் கூடவில்லை. அவருக்கு அந்த எல்லை நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர். இன்று விஓ2 மேக்ஸ் என்று நாங்கள் அளப்பது அதைத்தான்.

வியாழன்

நெடுந்தூர ஓட்டக்காரத் தம்பி ஒருவர் வந்திருந்தார். முகமூடி மாட்டிவிட்டால் பேச முடியாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதைக் காட்டும் போர்க் அட்டையில் 6 முதல் 20 வரையுள்ள எண்களில் ஒன்றை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் டிரெட்மில்லின் சாய்வு ஏறியது. விரல் 17-க்கு வந்தபோது, வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ளே எடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1.06. அவரிடம் இன்னும் தெம்பு இருந்தது. "இன்னும் ஒரு நிமிஷம் தம்பி, விடாதீங்க!" விகிதம் 1.15-ஐத் தாண்டிய பிறகுதான் கைப்பிடியைப் பற்றினார். அந்தக் கடைசி நிமிடத்தில் ஆக்சிஜன் கோடு ஏறவேயில்லை.

என் குரலும் இந்தச் சோதனையின் ஒரு பகுதி. ஒருவருக்குக் கத்தி ஊக்கம் கொடுத்து, அடுத்தவரிடம் சும்மா நின்றால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. அதனால் எல்லோருக்கும் அதே சொற்கள், அதே நேரத்தில்.

முடிந்ததும் விரல் நுனியில் குத்தி, முதல் துளியைத் துடைத்து எறிந்தேன். வியர்வையிலும் லாக்டேட் உண்டு, கலந்தால் அளவு கெடும். "அந்த ஆசிட்தானே அக்கா காலைப் பிடிக்குது? கழிவுதானே?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை உட்காரவைத்துச் சொன்னேன்: லாக்டேட்டை இதயம் எரிபொருளாக எரிக்கிறது, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது. திடலில் இன்னும் அதைக் கழிவு என்றே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு வருத்தமான விஷயம் இது.

சனி

ஆய்வேட்டு அட்டவணையில் விஓ2 மேக்ஸுக்கு ஒரு பத்தி போதும் என்றார் கைடு. சோதனை எப்படி முடிந்தது என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் அச்சிட எனக்கு மனமில்லை. கோடு தட்டையானதா, விகிதம் எவ்வளவு, இதயத்துடிப்பு எங்கே நின்றது என்று இன்னும் மூன்று பத்திகள் கேட்டேன். "பின்னிணைப்பில் போடும்மா" என்றார். பாதியில் இறங்கியவரும் கடைசிவரை போனவரும் ஒரே பத்தியில் நிற்பது நியாயமில்லை சார் என்றேன். வியாழக்கிழமைத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். முதல் அட்டவணையிலேயே போடச் சொல்லிவிட்டார்.