ரம்பத்துக்கு ஒரு பூட்டு

திண்டுக்கல்லுக்குப் போகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள்? பூட்டு வாங்கி வருவார்கள். நாக்குக்கு ருசி தேடுகிறவர்கள் பிரியாணி சாப்பிட்டு வருவார்கள். கிடைத்தால் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழமும் பையில் ஏறிக் கொள்ளும். நான் சென்ற சித்திரையில் போனபோது இவற்றோடு ஒரு புத்தி கொள்முதலும் ஆயிற்று. நல்ல வேளையாக, அதற்கு நான் கொடுத்த விலை மிகவும் குறைவு. பத்து விரல்களோடு போனேன். பத்து விரல்களோடு திரும்பி வந்தேன்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி எழுதி வரும்படி எங்கள் ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார். 2019ஆம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் என் பெரியப்பா வீடு இருக்கிறது. ஆகவே பகலில் பூட்டுப் பட்டறைகள், இரவில் பெரியம்மாவின் கைச் சமையல் என்று திட்டம் போட்டுக் கொண்டு ரயிலேறினேன்.

பெரியப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு ஓய்வே கிடையாது. கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதற்குப் ‘பட்டறை’ என்று பெயரும் சூட்டியிருக்கிறார். அங்கே உட்கார்ந்தால் எதிரே மலைக்கோட்டை தெரியும். பெரியம்மாவுக்குச் சுவாமி படங்கள் வைக்க ஒரு மாடம் செய்து கொண்டிருந்தார்.

“முப்பது வருஷம் பிள்ளைங்களைப் போட்டு அறுத்தார். இப்போ பலகையை அறுக்கிறார். ரம்பம் மட்டும் அவரை விடலை” என்றாள் பெரியம்மா.

சகோதரிகளே, ‘ரம்பம், மோட்டார் எல்லாம் ஆண்பிள்ளைகள் விவகாரம்’ என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். வட்ட ரம்பத்தைக் குறிப்பிடும் ஓர் உரிமையை 1777ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் பெற்றுவிட்டார். ஆனாலும் அமெரிக்காவில் 1813ஆம் ஆண்டில் அதைத் தாமாகவே யோசித்துக் கண்டவர் டாபிதா பாபிட் என்ற ஒரு பெண்மணி என்று சொல்வார்கள். இரண்டு ஆண்கள் நீள ரம்பத்தை இப்படியும் அப்படியும் இழுப்பதைப் பார்த்து, ‘ஒரு இழுப்பு வீணாகப் போகிறதே’ என்று அவருக்குத் தோன்றியதாம். இதெல்லாம் நம் கண்ணில்தான் படும்!

பெரியப்பாவின் ரம்பத்துக்கு வருவோம். அது உண்மையில் ரம்பமே அல்ல. சலவைக்கல் அறுக்கிற ‘மார்பிள் கட்டர்’. கல்லை அறுக்கும் வட்டத் தகட்டுக்குப் பல் கிடையாது. அதைக் கழற்றிவிட்டு, பல் வைத்த மர பிளேடை மாட்டியிருந்தார். பிளேடை மூடியிருக்கும் இரும்புக் கவசம் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதையும் எடுத்துவிட்டார். பிறகு மிஷினைத் தலைகீழாகத் திருப்பி ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் முடுக்கி, பிளேடு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி செய்திருந்தார். மிஷினின் விசையை அமுக்கி ‘லாக்’ செய்தாயிற்று. போடுவதும் அணைப்பதும் சுவரிலிருக்கிற சுவிட்சில். செலவு கொஞ்சம், பெருமையோ நிறைய. நம் ஊர்களில் எத்தனையோ பட்டறைகளில் இதே ஏற்பாட்டை நீங்கள் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் காலை. பெரியப்பா ஒரு பலகையை அறுத்துக் கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டது. 2012ஆம் ஆண்டில் நாம் பட்ட பாடு இப்போது இல்லைதான். ஆனாலும் பராமரிப்பு என்றும் கோடைக் காற்று என்றும் கரண்ட் போகத்தானே செய்கிறது? “வரட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்பினார். சுவரிலிருந்த சுவிட்சை அணைக்கவில்லை. அணைக்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.

பிளேடின் பக்கத்தில் பிளவுக்குள் ஒரு மரத்துண்டு சிக்கிக் கொண்டிருந்தது. நான் சும்மா இருக்கக் கூடாதா? அதை எடுத்துச் சுத்தம் செய்யலாமென்று கையை நீட்டினேன்.

“காபி ஆறிப் போகுது, வாடீ!” என்று அடுக்களையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

நீட்டிய கையை இழுத்துக் கொண்டு திரும்பினேன். வாசற்படியில் கால் வைத்திருப்பேன். பின்னால் ‘வீல்’ என்று ஒரு சப்தம். கரண்ட் வந்துவிட்டது! அந்த மரத்துண்டு நான் நின்ற இடத்தைக் கடந்து பறந்து, எதிரிலிருந்த துளசித் தொட்டியின் விளிம்பை உடைத்துக் கொண்டு விழுந்தது.

அன்று அந்தக் காபியை நான் குடித்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

பெரியப்பா திரும்பி வந்தார். உடைந்த தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். பிளேடின் குறுக்களவு 110 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் முப்பத்தைந்து சென்டிமீட்டர். மிஷின் மேலே எழுதியிருந்தபடி, நிமிஷத்துக்கு 12,000 சுற்று. பெருக்கி வகுத்தால், பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். திண்டுக்கல் வழியாக ஓடும் எந்த ரயிலும் அந்த வேகத்தில் போவதில்லை.

அடுத்த வரியையும் போட்டார். ஆபத்தைக் கண்டு கையை இழுக்க மனிதனுக்குக் குறைந்தது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் பிளேடு நாற்பது முறை சுற்றிவிடும்.

“நாற்பது முறை” என்று மெல்லச் சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பையனுக்குத் தப்பாக மார்க் போட்டுவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் ஜன்னல் கதவைச் சரி செய்ய ஆசாரி வந்தார். என்னைச் சிறு பிள்ளையிலிருந்து அறிந்தவர். அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் இல்லை. இத்தனை வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

“மிஷின் புதுசா வந்தப்போ பயந்துக்கிட்டே வேலை செஞ்சேன் பாப்பா. ஒண்ணும் ஆகலை. பழகி, பயம் போன பிறகுதான் விரலும் போச்சு” என்றார். “வலிச்சதா?” என்றேன். “அந்த நேரத்துல ஒண்ணுமே தெரியலை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் என் விரலுன்னே தெரிஞ்சுது.”

இதைக் கேட்டதும் வேலூரில் பணி செய்த டாக்டர் பால் பிராண்டின் நினைவு எனக்கு வந்தது. 1914ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். வைத்தியம் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். குஷ்ட நோயாளிகளின் கைகளைச் சீராக்கிய மேதை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி, ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரையில் கிழிந்திருந்தது. உணர்ச்சி இல்லாத விரல். அவனுக்கு வலிக்கவே இல்லை! வலி என்பது நம் கையைக் காக்கிற வரம் என்று டாக்டர் பிராண்ட் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தார்.

ரம்பத்தின் முன்னால் நாம் எல்லாரும் அந்தச் சிறுவனைப் போலத்தான். வலி வந்து எச்சரிப்பதற்குள் காரியம் முடிந்து போகிறது. வலிக்குப் பதிலாக நமக்கு இருப்பது பயம் ஒன்றுதான். அதுவும் பழகப் பழகத் தேய்கிற சரக்கு. ஆகவே பயம் இருக்கும்போதே, அது சொல்லுகிற ஏற்பாடுகளைச் செய்து வைத்துவிட வேண்டும்.

ஆசாரியும் பெரியப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஏற்பாடுகளைப் பேசினார்கள். நான் எழுதிக் கொண்டேன்.

முதலில், கல் அறுக்கிற மிஷினில் மரத்தை அறுப்பதில்லை. தலைகீழ் மேஜைக்கு விடை கொடுக்க வேண்டும். மர ரம்பமாகவே செய்ததை, கவசத்தோடு வாங்க வேண்டும். மேஜை ரம்பமானால் பிளேடுக்குப் பின்னால் வால் போல ஒரு மெல்லிய தகடு நிற்கும். அறுபட்ட மரம் மறுபடி நெருங்கி பிளேடைக் கவ்வினால், பின்பக்கத்துப் பற்கள் அதைத் தூக்கி ஆளின் மேலேயே எறியும். அப்படிக் கவ்வ விடாமல் தடுப்பது அந்தத் தகடுதான். அதை எடுத்தெறியக் கூடாது. கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத சுவிட்சுகள் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய மரமானால் ஆணி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கையில் பிடிக்கிற ரம்பமானால் மரத்தைக் கவ்வியால் இறுக்கிவிட்டு, மிஷினை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மேஜை ரம்பமானால் கடைசிச் சாணைக் கையால் தள்ளாமல் ஒரு தள்ளு கட்டையால் தள்ள வேண்டும். பிளேடுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நிற்க வேண்டும். வளையல், மோதிரம், தொங்குகிற முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஒன்றும் கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று, கையுறையும் கூடாது. பல்லில் மாட்டினால் கையையே இழுத்துக் கொண்டு போகும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு முகமூடி அவசியம். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் 1995ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பிளக் மூன்று முள்ளாக, சரியான ‘எர்த்’தோடு இருக்க வேண்டும்.

விரல் பட்டவுடன் நின்றுவிடுகிற ரம்பமும் உலகத்தில் இருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999ஆம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார். ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் பிளேடு நின்றுவிடும். ஆனால் அது பெரியப்பாவின் பென்ஷனுக்கு எட்டாது.

எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்த பெரியம்மா, “நான் மிக்ஸிக்குள்ளே கரண்டி விடறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கறேன். கிரைண்டர் ஓடும்போது கரண்ட் போனா, முதல்ல சுவிட்சை அணைக்கறேன். இது உங்களுக்குத் தெரியாம போச்சே!” என்றாள். கணக்கு வாத்தியார் தலை குனிந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினில் கை வைக்கிற தொழிலாளி அதன் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக் கொள்வார். வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டில் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். திண்டுக்கல்லில் உட்கார்ந்து கொண்டு நமக்குப் பூட்டுக்கா பஞ்சம்?

மறுநாள் பெரியப்பா ஒரு சின்ன மரப் பெட்டி செய்தார், கை ரம்பத்தால். வேலை இல்லாத நேரத்தில் ரம்பத்தின் பிளக் அதற்குள் இருக்கும். பெட்டிக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு. சாவி பெரியம்மாவின் இடுப்பில். ரம்பம் ஓட வேண்டுமானால் அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிளேடை மாற்றுவதானாலும், சிக்கியதை எடுப்பதானாலும் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான். சாவியைக் கொடுக்குமுன் பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்ப்பாள். “கண்ணாடி எங்கே? மோதிரத்தைக் கழற்றியாச்சா? தூக்கம் சரியா இருந்துதா?” பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை. அவளும் ஒரு விரதம் எடுத்துக் கொண்டிருக்கிறாள். ரம்பம் ஓடுகிற வரையில் அவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. காபி ஆறினாலும் சரி.

இவ்வளவுக்கும் மேல் ஏதாவது நடந்துவிட்டால்? சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள். விரல் துண்டித்துப் போயிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக் கூடாது. ஒட்ட வைக்கும் நிபுணர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். நாழிகையை வீணாக்காமல் போய்ச் சேர வேண்டும்.

“எனக்கு அன்னைக்கு இதைச் சொல்ல ஆளில்லை பாப்பா” என்றார் ஆசாரி. நான் எழுதிக் கொண்டிருந்த காகிதத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக் கொண்டார். அவருடைய பேரன் தொழில் பழகுகிறானாம்.

பூட்டுக் கட்டுரையை எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். அதில் எழுத இடமில்லாததை இங்கே எழுதினேன். போன வாரம் பெரியம்மா டெலிபோன் செய்தாள்.

“மாடம் முடிஞ்சுது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். விரல் பத்தும் எண்ணிட்டேன், சரியா இருக்கு” என்றாள்.