காலுக்குக் கட்டுப்பட்ட மெட்டு

தெஹிவளையில் யாருடைய கலியாண வரவேற்பு என்றாலும் சாப்பாடு முடிந்ததும் பைலா வந்துவிடும். தமிழ் வீடு, சிங்கள வீடு, பறங்கியர் வீடு என்ற பேதம் அதற்கு இல்லை. ‘சுராங்கனி’ பாட்டுத் தொடங்கினால் மாமிமாரும் சேலையைச் செருகிக்கொண்டு எழும்பிவிடுவார்கள்.

இந்த ஆட்டத்தின் வேர் நெடுந்தூரம் போகிறது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களோடும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் சேர்ந்து வளர்ந்த கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டம், மட்டக்களப்புப் பறங்கியரிடம் இன்றும் இருக்கிறது. வயலின் முன்னே போக, சோடி சோடியாக ஆடுவார்கள். பாட்டு அவர்களுடைய போர்த்துக்கேயக் கிரியோலில் இருக்கும். கொழும்பில் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்டியன் அந்தத் தாளத்துக்குச் சிங்கள வரிகளைக் கட்டினார். பிறகு வாத பைலா வந்தது. எதிராளி பாடி முடித்ததும், அதே மெட்டில் நின்ற நிலையிலேயே வரி கட்டிப் பதில் பாட வேண்டும். எவ்வளவு துணிச்சலான கலை! நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யிலும் ஏ. ஈ. மனோகரனின் பாடல்களிலும் அந்தத் துள்ளல் கிற்றாரோடு தமிழுக்கு வந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா ‘சுராங்கனி’யை எடுத்தாண்டபோது தமிழ்நாடு முழுக்கப் பாடியது.

மொழி மாறியது, வாத்தியம் மாறியது, கடவுளும் சாதியும்கூட மாறின. பாண்ட்காரர் ‘சிக்ஸ் எயிட்’ என்று சொல்லும் அந்தத் தாளம் மட்டும் ஏன் மாறவில்லை? ஆடுகிறவர்களின் கால்தான் காரணம் என்பேன். பாடகர் என்ன புதுமை செய்தாலும் கால் தடுக்கினால் கூட்டம் உட்கார்ந்துவிடும்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் இதையே மறுபக்கத்திலிருந்து காண்கிறேன்: கால் இல்லாத இடத்தில் மெட்டு மாறுகிறது. 1916 முதல் 1918 வரை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்களான செசில் ஷார்ப்பும் மோட் கார்ப்பலஸும் அங்கே வீடு வீடாகப் பாட்டுச் சேகரித்தார்கள். பிரித்தானியாவிலிருந்து போன ஒரே கதைப்பாட்டு, ஆளுக்கு ஆள் வேறு மெட்டில் கிடைத்தது. பிரித்தானிய வயலின் மெட்டுகளோடு அங்கே சேர்ந்துகொண்ட பான்ஜோ, ஆபிரிக்க அடிமைகளிடமிருந்து வந்த வாத்தியம். தனியே இருந்து வாசிக்கும் வயலின்காரரின் கையில் மெட்டுக்கு ஒரு தட்டு கூடும், ஒன்று குறையும். தட்டிக்கேட்க அங்கே கால்கள் இல்லை.

கால் கட்டிவைப்பது தாளத்தை மட்டும்தான்; அதற்குள் மெட்டு சுழிக்கலாம். ஆனால் இப்போது எங்கள் மண்டபங்களில் எனக்கு ஒரு மனக்குறை. கீபோர்ட் வாசிக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்ட பதிவை அச்சு அசலாக வாசிக்கிறார்கள். அதில் இல்லாத ஒரு சுழிப்பை யாராவது போட்டால் ‘பிழை’ என்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் ஒருமுறை மட்டக்களப்புக்குப் போய், கஃப்ரிஞ்ஞா வாசிக்கும் முதியவர் ஒருவரின் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். பதிவுக்கருவி இல்லாமல் போகட்டும். கேட்டதைத் தங்கள் விரலுக்கு வந்தபடி வாசிக்கட்டும்.